காத்திருக்கும் நேரத்தைக் குறைப்போம்

(ஊராட்சிச் செயலர்களுக்கும் கணினி இயக்குவோருக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



குடிநீர்த் தொட்டி, தெரு விளக்கு, இணைப்புச் சாலை ஆகியவற்றைப் பற்றியே இம்மண்டபத்தில் பேசிப் பழகிய நாம், இன்று கணினியின் வேகத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இதுவும் கிராம வளர்ச்சியோடு சேர்ந்த விஷயந்தானா என்ற ஐயம் சிலர் மனத்தில் எழலாம். அந்த ஐயம் நீங்கும்பொருட்டு, நமது ஒன்றியத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு கோடையில் ஓர் ஊராட்சி அலுவலகத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். தொலைவிலுள்ள குக்கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் வீட்டு வரி ரசீதுக்காக வந்திருந்தார். மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க அந்த ரசீது அவருக்குத் தேவைப்பட்டது. செயலர் கணினியை இயக்கினார். திரையில் வட்டம் சுழன்றது; சுழன்றுகொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தோம். கணினி வேலை செய்யும் நிலைக்கு வந்து சேரப் பதினொரு நிமிடங்கள் ஆயின. பிரவுசர் திறக்க மேலும் நான்கு நிமிடங்கள். ரசீது அச்சாகி வெளிவருவதற்குள் நண்பகல் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்து மூன்றரை மணிக்குத்தான். பிற்பகலிலாவது களை பறிக்கப் போகலாம் என்று எண்ணி வந்தவர் அவர். அன்றைய கூலி முழுவதும் போயிற்று. ஆயினும் அவர் நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "மெஷினுக்கு வயசாயிடுச்சு போல" என்று செயலருக்கு ஆறுதல் கூறிவிட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டார். அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அந்தக் கணினிக்கு வயதாகியிருந்தது உண்மையே. ஆனால் வயது மட்டுமே காரணம் அன்று. ஒரு ரூபாயும் செலவிடாமல், மூன்று வாரங்களுக்குப் பிறகு அதே கணினி நான்கு நிமிடத்திற்குள் வேலைக்குத் தயாராயிற்று. நாங்கள் அதற்குள் எந்த மந்திரத்தையும் புகுத்தவில்லை. அதனுள் முன்பே இருந்த இயங்குதளத்தை அதன் வேலையைச் செய்யவிட்டோம். அதன் வழியில் நாமே போட்டிருந்த முட்களை அகற்றினோம். அவ்வளவே. அதன் விவரத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கணினி மெதுவாக ஓடுகிறது என்கிறோமே, உண்மையில் அதன் எந்த உறுப்பு மெதுவாக இருக்கிறது? நமது ஒன்றிய அலுவலகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேசைக்கு முன் அமர்ந்து கோப்பில் குறிப்பெழுதும் உதவியாளர் இருக்கிறார். அவர் எதிரே மேசை இருக்கிறது. பின்கட்டில் பதிவறை இருக்கிறது. கணினியில் குறிப்பெழுதும் உதவியாளர் பிராசஸர். மேசை என்பது ராம் எனப்படும் நினைவகம். பதிவறை என்பது ஹார்டு டிஸ்க். எந்தக் கோப்பை எப்போது பதிவறையிலிருந்து எடுத்து மேசைமீது வைப்பது, எதைத் திருப்பி அனுப்புவது, யார் கோப்பை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கும் தலைமை எழுத்தர்தான் விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள்.

உதவியாளர் அசாத்திய வேகக்காரர். பழைய கணினியில்கூட பிராசஸரின் துடிப்பு விநாடிக்கு இருநூறு, முந்நூறு கோடி. மேசைமீதுள்ள ஒரு தாளை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. பதிவறையோ வேறு உலகம். நமது பழைய கணினிகளில் உள்ள ஹார்டு டிஸ்க், நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஒரு தகடு. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிமுனைக்கு நேரே வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசி இருக்கும் இடத்திலிருந்து வேண்டிய வட்டத்திற்கு நகர்வதற்கும் நேரம் ஆகும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 12 மில்லி விநாடி. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றுகிறதல்லவா? நம் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். மேசையிலிருந்து தாளை எடுக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பதிவறையிலிருந்து ஒரு தாள் வந்து சேர 33 மணி நேரம் ஆகும். இன்று காலை ஆளை அனுப்பினால் நாளை மாலைதான் வருவான். எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத வட்டில் இதே தாள் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

ஆகவே நம் கணினி வேலை செய்வதில் தாமதிக்கவில்லை. காத்திருப்பதில் நேரத்தைக் கழிக்கிறது. அந்த அம்மையார் திண்ணையில் காத்திருந்தார். உள்ளே பிராசஸரும் அதேபோலக் காத்திருந்தது. கணினியை விரைவுபடுத்துவதற்காக இயங்குதளத்தில் உள்ள வசதிகளில் பெரும்பாலானவை, பதிவறைக்குப் போகும் தடவைகளைக் குறைப்பதற்காகவே அமைந்தவை. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால், எந்த யோசனை பயன்படும், எது வெறும் விளம்பரம் என்பதை நீங்களே பிரித்தறியலாம்.

எனவே முதலில் செய்யவேண்டியது அளந்து பார்ப்பது. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிராசஸர், நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்று தெரியும். நாங்கள் சொன்ன கணினியில் பிராசஸர் பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது. வயலில் பயிர் வாடும்போது மண்ணைத் தோண்டிப் பாராமல் உரத்தைக் கொட்டுகிறவர் உண்டு. அப்படி இல்லாமல், இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும் வரை எத்தனை நிமிடம் என்பதையும் எழுதி வையுங்கள். மாற்றம் ஒன்று செய்த பிறகு மறுபடி அளந்தால்தான், அது உதவிற்றா என்பது தெரியும். ஒரே நாளில் ஐந்து மாற்றங்களைச் செய்துவிட்டு எதனால் குணமாயிற்று என்று தெரியாமல் விழிப்பது, நாட்டு வைத்தியமும் ஆங்கில வைத்தியமும் ஒருங்கே செய்துகொண்டவர் கதை போலாகும்.

இனி வசதிகளுக்கு வருவோம். ஒரு முறை பதிவறையிலிருந்து வந்த கோப்பை, வேலை முடிந்த உடனே திருப்பி அனுப்பாமல், மேசையில் இடம் இருக்கும் வரை ஓரமாக வைத்துக்கொள்வது நல்ல எழுத்தரின் வழக்கம். மறுபடி கேட்டால் உடனே கொடுக்கலாம் அல்லவா? விண்டோஸும் லினக்ஸும் இதையே செய்கின்றன. காலியாக இருக்கும் நினைவகத்தை, படித்த கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளும் இடமாகப் பயன்படுத்துகின்றன. இதற்குக் கேஷ் என்று பெயர். ஒரு மென்பொருளை முதல் தடவை திறக்கும்போது தாமதமாகி, மூடிவிட்டு மறுபடி திறந்தால் சட்டென்று வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அது இந்தக் கேஷின் ஊழியம். புதிதாக வேறு ஒருவருக்கு மேசையில் இடம் தேவைப்பட்டால், ஓரத்தில் உள்ள நகலை உடனே ஒதுக்கிவிட்டு இடம் தரப்படுகிறது.

இதை அறியாததால் ஒரு வீண் பயம் பரவியிருக்கிறது. நினைவகத்தின் பெரும்பகுதி நிரம்பியிருப்பதைக் கண்டவுடன், கணினிக்கு ஏதோ கேடு வந்துவிட்டதாக எண்ணி, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் மென்பொருளைத் தேடி நிறுவுகிறார்கள். அது மேசையில் இருப்பதையெல்லாம் வாரிப் பதிவறைக்கு அனுப்பிவிட்டு, மேசை காலியாகிவிட்டது என்று பெருமையோடு ஒரு பச்சை வட்டத்தைக் காட்டும். அடுத்த விநாடி உதவியாளர் அதே கோப்பைக் கேட்பார். 33 மணி நேரப் பயணம் மறுபடி தொடங்கும். காலி மேசை அழகாக இருக்கலாம்; வேலைக்கு உதவாது. லினக்ஸில் ஃப்ரீ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், கேஷுக்குப் போனது எவ்வளவு, தேவைப்பட்டால் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்று தனித்தனியே காட்டும். அங்கே ஃப்ரீ என்ற பத்தியைப் பாராமல், அவைலபிள் என்ற பத்தியைப் பார்க்கவேண்டும். நம் ஊராட்சிகளில் நாங்கள் பார்வையிட்ட கணினிகளில், இந்த வகையான "வேகம் கூட்டும்" மென்பொருள்கள் இரண்டும் மூன்றுமாகக் குடியேறியிருந்தன. அவற்றை அகற்றியதே எங்கள் முதல் காரியம். நாம் தொடக்கத்தில் சொன்ன கணினியில் பாதி நோய் அதிலேயே தீர்ந்தது.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஒரு படி சென்றது. கணினி தொடங்கும்போதும், ஒரு மென்பொருள் திறக்கும் முதல் சில விநாடிகளிலும், எந்தெந்தக் கோப்பின் எந்தெந்தப் பகுதிகள் தேவைப்பட்டன என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை அவற்றை ஒரே நடையில் வரிசையாக எடுத்து வந்தது. இதற்குப் பிரீஃபெட்ச் என்று பெயர். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இது சூப்பர்ஃபெட்ச் ஆக வளர்ந்தது. எந்த மென்பொருளை நாம் அடிக்கடி உபயோகிக்கிறோம் என்பதைக் கற்றுக்கொண்டு, கேட்பதற்கு முன்பே மேசைக்குக் கொண்டு வந்து வைக்கும் ஏற்பாடு அது. பின்னர் வந்த பதிப்புகளில் சிஸ்மெயின் என்ற பெயரில் இயங்குவதும் இதுவே.

இதைப் பற்றியும் ஒரு தவறான வைத்தியம் வழங்கிவருகிறது. பிரீஃபெட்ச் என்ற கோப்புறையை அவ்வப்போது காலிசெய்தால் கணினி வேகம் பெறும் என்கிறார்கள். எழுத்தர் எழுதி வைத்த குறிப்பேட்டைக் கிழித்துவிட்டால் அவர் வேகமாக வேலை செய்வாரா? அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடுவார், தாமதம் கூடும். மற்றொரு புறம், சிஸ்மெயின் டிஸ்க்கை ஓயாமல் ஓட்டுகிறது என்று அதை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. குறைந்த நினைவகமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள கணினியில், தொடங்கிய சில நிமிடங்களுக்கு அது டிஸ்க்கைப் பற்றிக்கொள்வது உண்மைதான். நமது அபிப்பிராயம் இது: உடனே நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், பிறகும் டிஸ்க் ஓயவில்லையானால் நிறுத்தி அளந்து பாருங்கள். எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் கண்டறியும் அளவுக்கு வித்தியாசம் இராது.

அடுத்து வருவது நாங்களே தவறு செய்த இடம். அதனால் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

மேசை நிரம்பிவிட்டது, இன்னும் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன, என்ன செய்வது? இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி, 1962 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட அட்லஸ் என்னும் கணினி இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்களையே கொள்ளும். அதோடு சுழலும் உருளைகளில் அதைப்போல் ஆறு மடங்கு இடம் இருந்தது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, இப்போதைக்கு வேண்டாத பக்கத்தை உருளைக்கு அனுப்பி, வேண்டும்போது தானே திருப்பிக் கொண்டுவரும்படி செய்தார்கள். நிரல் எழுதுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றியது. அதன் வழிவந்ததே இன்றைய விர்ச்சுவல் மெமரி. விண்டோஸில் இதற்காக டிஸ்க்கில் ஒதுக்கப்படும் இடம் பேஜிங் ஃபைல். லினக்ஸில் அதற்கு ஸ்வாப் என்று பெயர்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் நிஜமாகவே தேவைப்படும் பக்கங்கள் மேசையின் அளவை மீறிவிட்டால், ஒன்றை அனுப்பி மற்றொன்றை அழைப்பதும், அழைத்ததை அனுப்பி முன்னதை மறுபடி அழைப்பதுமாகவே பொழுது போகும்; வேலை நடக்காது. 1968இல் பீட்டர் டென்னிங் என்ற அறிஞர் இந்த நிலைமையின் காரணங்களை ஆராய்ந்து எழுதினார். இதற்கு ஆங்கிலத்தில் திராஷிங் என்று பெயர். ஒரு மென்பொருளுக்கு அந்த நேரத்தில் தேவையான பக்கங்களின் தொகுதி முழுவதும் நினைவகத்தில் இடம்பெற வேண்டும், இல்லையேல் அதை இயக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் ஆய்வின் சாரம். சந்தை நாளில் இருபது பேர் ஒருசேர ஒரே எழுத்தரிடம் மனுக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் நாங்கள் தடுக்கி விழுந்தோம். பேஜிங் ஃபைலே டிஸ்க்கை ஓட்டுகிறது; அதை எடுத்துவிட்டால் எல்லாம் நினைவகத்திலேயே வேகமாக நடக்கும் என்று எங்கோ படித்த யோசனையை நம்பி, ஒன்றிய அலுவலகத்தில் 4 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு கணினியில் அதை நீக்கச் சொன்னோம். உத்தரவு நம்முடையது, கணினி இயக்குபவர் தயங்கியதையும் நாம் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. நம் யோசனையை நாமே மெச்சிக்கொண்டோம். மூன்றாம் நாள் பிற்பகல், தற்காலிகப் பணியாளர்களின் ஊதியப் பட்டியலை ஒரு பெரிய கணக்குத் தாளில் தயாரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பிரவுசரில் எட்டுப் பத்துத் தளங்களும் திறந்திருந்தன. மேசை நிரம்பிற்று, பதிவறைக் கதவோ நாமே பூட்டிய கதவு. கணக்குத் தாள் சட்டென்று மூடிக்கொண்டது. மூன்று மணி நேர உழைப்புச் சேமிக்கப்படாமல் போயிற்று. அன்று வெள்ளிக்கிழமை. பட்டியல் திங்களன்றுதான் மறுபடி தயாராகிக் கருவூலம் போய்ச் சேர்ந்தது. தூய்மைப் பணியாளர் சிலருக்கு அந்த மாத ஊதியம் ஐந்து நாள் பிந்தி வந்தது. வேகத்தை விரும்பி நாம் செய்த காரியத்தால் ஐந்து நாள் இழப்பு, அதுவும் நமக்கன்று.

அன்றே பேஜிங் ஃபைலைத் திரும்ப அமைத்தோம். இயங்குதளமே அளவைத் தீர்மானிக்கட்டும் என்ற ஏற்பாட்டில் விட்டுவிட்டோம். உங்களுக்கும் அதையே சொல்லுகிறோம். டிஸ்க் ஓயாமல் ஓடுவதற்குப் பேஜிங் ஃபைல் காரணம் அன்று. மேசையைவிடப் பெரிய வேலையை ஏற்றியதே காரணம். பரிகாரம் அந்த இடத்தில் இருக்கிறது. வேண்டாத தளங்களை மூடுங்கள். ஒரு பெரிய மென்பொருளை மூடிவிட்டு மற்றொன்றைத் திறவுங்கள்.

பின்னாளில் வந்த இயங்குதளங்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல உபாயத்தைச் சேர்த்திருக்கின்றன. பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்புவதற்கு முன், அவற்றைச் சுருக்கி மேசையின் ஒரு மூலையிலேயே அடுக்கி வைப்பது. தாளை நான்காக மடித்துக் கட்டி வைப்பதைப் போன்றது. சுருக்கவும் விரிக்கவும் பிராசஸருக்குக் கொஞ்சம் உழைப்பு உண்டு. ஆனால் அதுதான் சும்மா காத்திருந்ததே! 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இல் இவ்வசதி உண்டு; டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியில் சுருக்கப்பட்ட அளவை நீங்கள் காணலாம். லினக்ஸில் இசட்ராம் என்னும் இதே வகை ஏற்பாடு 2014இல் அதன் கருவகத்தில் இடம்பெற்றது. 4 ஜி.பி. உள்ள பழைய கணினிக்கு லினக்ஸ் போடுகிறவர்கள் இசட்ராமை இயக்கி வைத்தால் வித்தியாசத்தைக் கண்ணால் காணலாம்.

பென் டிரைவைச் செருகினால் கணினி வேகம் பெறும் என்பதைப் பற்றி ஒரு நண்பர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அது ரெடிபூஸ்ட் என்ற வசதி. விஸ்டாவுடன் 2007இல் வந்தது. டிஸ்க்கிலுள்ள சிறு சிறு பகுதிகளின் நகலைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளும் உபாயம் அது. சுழலும் தகட்டைவிடப் பென் டிரைவில் சிதறிய துண்டுகளை விரைவில் எடுக்கலாம் என்பதே அதன் அடிப்படை. அரை ஜி.பி. நினைவகம் இருந்த காலத்தில் அது உதவிற்று. இன்று அதற்காகப் பென் டிரைவ் வாங்குவது வீண். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால் ஓர் எஸ்.எஸ்.டி.க்கு ஆகும்.

கணினி தொடங்கும்போதே தாமும் தொடங்கிவிடும் மென்பொருள்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் அழைக்காமலே பந்தியில் அமர்ந்துவிடும் விருந்தாளிகள் இவர்கள். பிரிண்டரோடு வந்தது ஒன்று, அரட்டைக்கு ஒன்று, யாரோ ஒருமுறை படம் பார்க்க நிறுவியது ஒன்று என்று நாங்கள் எண்ணிய ஒரு கணினியில் பதினேழு இருந்தன. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே இதற்கென ஸ்டார்ட்டப் என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதையும் அதுவே காட்டும். தேவையற்றதைத் தேர்ந்து, டிஸேபிள் என்று கொடுத்தால் போதும். மென்பொருள் அழிந்துவிடாது, அழைக்கும்போது வரும். வைரஸ் தடுப்பை மட்டும் தொடாதீர்கள். ஆனால் வைரஸ் தடுப்பே இரண்டு இருந்தால், ஒன்றை முறைப்படி நீக்கிவிடுங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு காவற்காரர் இருந்தால், ஒவ்வொருவரும் மற்றவரையும் சோதனை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

விண்டோஸ் 8இல் வந்த மற்றொரு வசதி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுக்கும்போது, இயங்குதளத்தின் கருவகம் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே ஒரே மூச்சில் படித்து எழுந்துவிடுகிறது. சுழலும் டிஸ்க் உள்ள கணினிக்கு இது பெரிய உதவி. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருப்பது பலருக்குத் தெரியாது. தினமும் மாலையில் ஒழுங்காக ஷட் டவுன் செய்து வந்தாலும், கருவகம் உண்மையில் புதிதாகத் தொடங்குவதே இல்லை. அதில் ஏதேனும் கோளாறு புகுந்திருந்தால் அதுவும் நாளுக்கு நாள் உடன் வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். "தினமும் நிறுத்துகிறோம் ஐயா, ஆனாலும் சரியாகவில்லை" என்று ஒரு செயலர் முறையிட்டார். டாஸ்க் மேனேஜரில் பார்த்தோம். கணினி இருபத்திரண்டு நாள் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருப்பதாக அது காட்டிற்று. வாரத்தில் ஒரு நாள் ரீஸ்டார்ட் கொடுங்கள். திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டீஃபிராக் என்னும் ஒழுங்குபடுத்தும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலும் டிஸ்க்கில் ஒரே கோப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஊசி ஓடவேண்டும். அவற்றை அடுத்தடுத்து அடுக்குவது அங்கே பயன் தரும். எஸ்.எஸ்.டி.யில் ஓடும் ஊசி இல்லை. அங்கே பழைய முறையில் ஓயாமல் அடுக்குவது வட்டின் ஆயுளைத்தான் குறைக்கும். அதற்கு வேண்டுவது டிரிம் என்னும் கட்டளை. அழிக்கப்பட்ட இடம் எது என்று வட்டுக்குச் சொல்லிவிடுவது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது இருக்கிறது. இப்போதைய விண்டோஸ், வட்டு எவ்வகை என்பதைக் கண்டறிந்து தக்கதைத் தானே குறித்த நாளில் செய்துகொள்ளும். நாம் செய்யவேண்டியது, வட்டை முழுவதும் நிரப்பாமல் இருப்பது ஒன்றுதான். கிராம சபைக் கூட்டத்தின் வீடியோக்களையெல்லாம் அதே வட்டில் குவித்துவைத்துவிட்டு இடம் இல்லை, வேகம் இல்லை என்றால் இயங்குதளம் என்ன செய்யும்? திரையில் ஜன்னல்கள் மிதந்து வருவது, நிழல் விழுவது போன்ற அலங்காரங்களை நிறுத்துவதால் சிறிது பயன் உண்டு. மிகவும் பழைய கணினியில் செய்து பாருங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் நகராத கணினிகள் உண்டு. டிஸ்க்கில் கீச்சென்ற சப்தம் கேட்டால், அல்லது ஒரே கோப்பு ஒரு நாள் திறந்து மறுநாள் திறக்க மறுத்தால், வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, அன்றே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிடுங்கள். விசிறியில் தூசி அடைத்து வெப்பம் ஏறினால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து ஒரு சிறு தூரிகை. இயங்குதளம் மேசையைச் செம்மையாக உபயோகிக்கும். மேசையைப் பெரிதாக்க அதனால் இயலாது. 4 ஜி.பி.யை 8 ஆக்குவதும், சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதும் புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதிக்குள் முடியும். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் முதலில் எஸ்.எஸ்.டி. என்பது எங்கள் அனுபவம். 33 மணி நேரம் கால் மணி நேரமாவதை முன்பே கணக்கிட்டோமே!

கடைசியாக ஒரு கவலை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம்மிடமுள்ள பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. இவை உடைந்த கணினிகள் அல்ல. இவற்றில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் பயன்படுத்தக்கூடியது. ஆயினும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுகிறோம். பேஜிங் ஃபைல் விஷயத்தில் சூடு பட்டவர்கள் நாம். முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, உங்கள் பிரிண்டர் ஓடுகிறதா, டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனை அது அறிந்துகொள்கிறதா, பழைய எழுத்துருவில் உள்ள தமிழ்க் கடிதங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும், அதைச் சரிசெய்யாமல் மாற்றாதீர்கள். ரசீதுக்கு வந்தவரிடம் பரிசோதனை நடத்தலாகாது.

பிற்பகல் இரண்டு மணிக்கு இதே கூடத்தில் செய்முறை வகுப்பு. நீங்கள் கொண்டுவந்திருக்கும் ஒன்பது கணினிகளையும் வடக்குச் சுவர் ஓரமாக வைத்திருக்கிறார்கள். முதலில் ஒவ்வொன்றிலும் தேவையான கோப்புகளுக்கு நகல் எடுக்கப்படும். அதன் பிறகே எதையும் தொடுவோம். நோட்டுப் புத்தகமும் பேனாவும் மேசைமீது இருக்கின்றன. இயக்கும் விசையை அழுத்துவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.